துளையுள்ள தடுப்பு

வெஸ்ட்வில் குன்றின் மேல் ஜன்னல் இல்லாத அறை.
எலிகளுக்கு எங்கள் பகலை இரவாக்கி வைத்திருக்கிறோம்.
சிவப்பு விளக்கில் நுழைகிறேன்.
வெளியே டர்பன் வேர்க்கிறது;
உள்ளே எப்போதும் இருபத்திரண்டு டிகிரி.

வேலை எளிது.
வெள்ளை எலியின் கூண்டில் ஒரு கறுப்பெலியை விட வேண்டும்.
வெள்ளை பெரியது, பல ஈடு பெற்று ஓய்ந்த தகப்பன்,
பிற வாசம் பொறுக்காது.
பத்து நிமிடம். கடிகாரம் என் கையில்.
பிறகு நடுவில் ஒரு பிளாஸ்டிக் தடுப்பு, நிறையத் துளைகள்.
மீதி நாள் முழுக்க
அடித்தவனின் மூச்சு, மூத்திரம், நடை
எல்லாம் வரும், அடி மட்டும் வராது.
நாளை வேறு கூண்டு, வேறு வெள்ளை.
இப்படிப் பத்து நாள்.

படிவத்தில் இதற்குப் பெயர் தோல்வி.
அந்தச் சொல்லுக்குள் தோல் இருப்பதை
நான் கவனித்தது ஆறாம் நாள்,
ஒன்றின் வாலடியில் மருந்து தடவும்போது.
தோல் ஆறிவிடும்.
மிச்சமுள்ள அந்த ஒற்றை எழுத்துக்குத்தான்
டாக்டர் சிபிசி நிதி கேட்டு எழுதுகிறார்.

கறுப்பெலிகள் எல்லாம் ஒரே வார்ப்பு.
எத்தனையோ தலைமுறையாய்
வேறு ரத்தம் கலக்காமல் பெற்றவை.
ஆனாலும் பதினொன்றாம் நாள்
புதிய வெள்ளை ஒன்றை வலைக்குள் வைத்துக் காட்டினால்
பாதிக்கு மேல் மூலையில் ஒடுங்கும்.
சில மட்டும் போய் மோந்து பார்க்கும்,
எதுவுமே நடக்காததுபோல,
அல்லது எல்லாம் நடந்து முடிந்ததுபோல.
அடுத்த அடுக்கில் ஒரே ஒரு மரபணுவை நீக்கிப் பிறக்கவைத்தவை.
அவற்றில் ஒடுங்குபவை அதிகம்.
அவற்றிலும் எல்லாம் அல்ல.

எனக்கு ஒரு பூபாலன் இருக்கிறான்.
ஒரே கரு, ஒரே முகம், எனக்கு ஏழு நிமிடம் பிந்தியவன்.
சாட்ஸ்வர்த்தில் நடுவே ஒரு சுவரை வைத்துக் கட்டிய
இரட்டை வீட்டில் இடப்பாதி அவனுக்கு, வலப்பாதி எனக்கு.
ஒரே சட்டை ஆலைக்கு இரண்டு பேரும் மனுப் போட்டோம்.
அவனை எடுத்தார்கள்.
துணி வெட்டும் மேசையில் பதினான்கு வருடம்,
ஒரே ஃபோர்மன். பெயரைச் சொல்ல மாட்டான்.
ஆலை மூடி ஒன்பது வருடம் ஆகிறது.
கல்யாண மண்டபத்தில் இன்றும்
சுவருக்கு முதுகு கொடுத்த, வாசல் தெரிகிற நாற்காலிதான்.
யாராவது தோளைத் தொட்டால் சிரிக்கிறான்,
சிரிப்பு முடியும் முன் எழுந்துவிடுகிறான்,
இலையில் பாதிப் பிரியாணி.

நான் ஒடுங்கவில்லை.
பெருமை ஒன்றும் இல்லை.
என்னை அந்த ஆலை எடுக்கவில்லை, அவ்வளவுதான்.
நூற்றைம்பது வினாடிச் சோதனையை யாரும் எனக்கு வைத்ததும் இல்லை.

நேற்று பதினேழாம் எண்
வலையருகே நூற்றுமுப்பது வினாடி நின்றது.
டாக்டர் சிபிசி கை தட்டினார்.
நான் எண்ணை எழுதினேன்.
இன்று காலை பதினேழும் போனது,
மூலையில் கிடந்த இருபத்தொன்றும் போனது.
மைனஸ் எண்பதில் இரண்டு மூளையும்
பக்கத்துப் பக்கத்துக் குப்பியில்.
எந்த மரபணு விழித்தது, எது உறங்கிப்போனது என்று
யாரோ படிப்பார்கள்.
தாங்கியதற்கென்று தனிச் சலுகை இல்லை.

இரவு பத்தேகால். மின்வெட்டு.
சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம்.
இரண்டு முறை தட்டுகிறேன்.
நாற்காலி நிற்கிறது.
கடிகாரம் என் கையில் இல்லை,
எவ்வளவு நேரம் என்று எழுதவில்லை.
பிறகு வாசல் தாழ்ப்பாளைச் சரிபார்க்கிறான்,
ஒருமுறை, இன்னொருமுறை.
மறுபடி நாற்காலி இழுபடுகிறது,
என் பக்கமாகவா, எதிர்மூலைக்கா,
செங்கல்லை வைத்து அதைச் சொல்ல முடியாது.